பெயில்ஸ் மச்சானுக்கு, உன் மகனின் தகுதிகாண் போட்டி பற்றி

என் பாசத்துக்குரிய பெயில்ஸ் மச்சான்,

சலாம். மண்ணுக்குள் கிடக்கிற கபுறாளிகளுக்குச் சலாம் சொல்வது சுன்னத்து என்பதால் சொல்கிறேன். தயவுசெய்து பதில் சலாம் சொல்லி என்னைப் பயப்படுத்திவிடாதே.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கடந்த பதினொரு நாட்களாக நான் பேஸ்புக்கில் ஒரு குமர்ப்பிள்ளை. பெயர் ‘மல்லிகை மொட்டு’. வயது இருபத்துநாலு. படத்துக்கு மல்லிகை கிடைக்கவில்லை, ஒரு ரோசாப்பூவைப் போட்டிருக்கிறேன். ஐம்பத்துமூன்று வயது, சீனி வருத்தம், கட்டின முன்பல் இரண்டு, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை, இவ்வளவும் அந்த ஒரு ரோசாப்பூவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இதுவரை நாலு பேர் கலியாணம் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் எங்கள் பள்ளியில் முன் சப்பில், தொழுகையின் முதல் வரிசையில், நிற்கிறவர். பேர் சொல்லமாட்டேன். ஆனால் சுபஹுக்கு அவருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நிற்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பாய். உன் மகனை வேவு பார்க்க.

கோபப்படாதே. நீயும் உயிரோடு இருந்தபோது பிட்ச் ஈரம் என்று சொன்னவனை நம்பாமல் நாக்கால் தொட்டுப் பார்த்தவன்தான். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லு.

நீ மௌத்தாகிப் பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதத்தில் நடந்த பெரிய விசயம் உன் மகன் ஹிஜாஸுக்குச் சம்மந்தம் பேசினது. பெண் வீடு நற்பிட்டிமுனை. வாப்பா ஒரு போடியார், சவளக்கடைப் பக்கம் நல்ல வயல் காணி. மகள் நுஸ்ரா, ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சர், என் மகள் படிப்பிக்கிற அதே பள்ளிக்கூடம். எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு கட்டி வைப்பார்கள், மாப்பிள்ளை வந்து ஏற வேண்டியதுதான். வீடு கட்டி முடிந்துவிட்டது. டைல்ஸ் போட்டாயிற்று. கட்டில் வந்து, மெத்தையின் பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் கிடக்கிறது. மாப்பிள்ளை மட்டும்தான் வரவில்லை.

உனக்குக் கூடப்பிறந்த காக்கா தம்பி இல்லை என்பதால், மாப்பிள்ளை பக்கம் நின்று கதைக்க உன் பொஞ்சாதி, என் மதினி, என்னைத்தான் கேட்டார். நானும் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். போடியார் வீட்டு ஹோலில் உட்கார்ந்து, “ஹிஜாஸ்ட வாப்பாவை எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனி மாதிரித் தெரியும். நாப்பது வருசம் ஒண்டாத் திரிஞ்ச ஆக்கள்” என்று அடித்துவிட்டேன். அந்த நெல்லிக்கனி பிறகு என் தொண்டையில் சிக்கிய கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

முதல் முறை கலியாணத் திகதி தள்ளிப்போனது லீவு கிடைக்காததால். அது பரவாயில்லை, வளைகுடாவில் இருக்கிற எல்லா மாப்பிள்ளைக்கும் நடக்கிறது. இரண்டாவது முறைதான் குண்டைத் தூக்கிப் போட்டான். ஊருக்கு வர இருந்த கிழமையில் போன் எடுத்து, “மாமா, என்னை இந்த நாட்டு கிரிக்கெட் டீமுக்கு எடுத்திரிக்காங்க. உலகக் கிண்ணத்துக்குத் தகுதிகாண் போட்டி. கலியாணத்தைக் கொஞ்சம் புறகு வைக்க ஏலுமா?” என்று கேட்டான்.

எந்த நாடு என்று எழுதமாட்டேன் மச்சான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள், விசா விசயம். ஒரு குட்டி நாடு. அங்கே மூன்று வருடம் குடியிருந்தால் அந்த நாட்டுக்கே விளையாடலாமாம். டீமில் அந்த மண்ணில் பிறந்தவன் ஒருத்தனாவது இருக்கிறானா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

உன் மகன் பந்தடிப்பான் என்று தெரியும். “வெள்ளிக்கிழமையில சும்மா பந்தடிக்கிற” என்று மதினியிடம் சொல்வானாம். அதற்கு மேல் ஒரு சொல் வராது. உன்னைப் போல் வாய் இல்லாத பிள்ளை. ஆனால் வெள்ளிக்கிழமைப் பந்துக்கும் ஒரு நாட்டு டீமுக்கும் இடையில் எவ்வளவு தூரம்? எனக்கே நம்ப முடியவில்லை. இதைக் கொண்டுபோய்ப் போடியாரிடம் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

போடியார் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். பிறகு கேட்டார்: “தம்பி, உலகக் கிண்ணம் எண்டா எனக்கும் தெரியும். அது டீவியில வரும். இது என்ன சாமான்?”

நான் விளங்கப்படுத்தினேன். முதலில் பக்கத்து நாடுகள் சிலது ஒரு இடத்தில் கூடி விளையாடும். அதில் வெல்கிற நாடு பிராந்தியச் சுற்றுக்குப் போகும். ஆசியாக் கண்டத்துக்கென்று ஒரு பிராந்தியச் சுற்று. அதிலும் மேலே வந்தால்தான் உலகப் போட்டி.

“வாய்க்கால் மாதிரி எண்டு சொல்லுங்களன்.”

“ஓம் போடியார், அதேதான்.”

“பெரிய வாய்க்கால், அதுல கிளை வாய்க்கால், அதுக்கங்கால கடைக்கண்டம். மாப்பிள்ளை இப்ப கடைக்கண்டத்துல நிக்கிறார்.”

“ஓம். ஆனா தண்ணி வரும்.”

“தம்பி, கடைக்கண்டத்துக்குத் தண்ணி வரும் எண்டு சொன்ன எஞ்சினியர்மார் எத்தின பேரை நான் கண்டிரிக்கன் தெரியுமா?”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னார்: வெள்ளாமை வெட்டுக்கு முதல் எனக்கு ஒரு முடிவு வேணும். மாப்பிள்ளை உண்மையாவே விளையாடுறார் எண்டா அதை என் கண்ணால நான் காணவேணும். இல்லாட்டி அக்கரைப்பற்றில ஒரு இடம் கேட்டு வந்திரிக்கு. பேங்க்கில வேலை. அவர் பந்து விளையாடுறதில்ல.

அந்தக் கடைசி வசனத்தை அவர் ஒரு பெரிய தகுதி போலச் சொன்னார், மச்சான்.

நுஸ்ரா என்ன சொன்னாள் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் என் மகளிடம் சொல்லியிருக்கிறாள், “வாப்பா முடிவெடுத்தா நான் எதிர்த்துக் கதைக்கமாட்டன். ஆனா அவர் பொய் சொல்லல்ல.” என் மகள் அதை வந்து என்னிடம் சொல்லிவிட்டு, “வாப்பா, நீங்க என்னத்தையாவது செய்ங்க” என்றாள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை இப்போது என் கையில். என் கையில் இருந்து நழுவின பந்துகள் எத்தனை என்று உனக்குத்தானே தெரியும்.

ஊர் சும்மா இருக்குமா? கடைக்கு பிளக் வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு கதையோடு வந்தார்கள். அவனுக்கு அங்கே ஒரு குடும்பம் இருக்காம் என்றான் ஒருத்தன். இன்னொரு கதை, அவன் வேலை செய்கிற இடம் ஒரு லோண்டரி, அந்த டீமின் உடுப்புத் துவைப்பது அங்கேதான், துவைத்த சட்டையைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறான் என்பது. உண்மையைச் சொல்லவேணும், இந்த இரண்டாவது கதையை முதன்முதல் பகிடிக்குச் சொன்னது நான்தான். மூன்று நாள் கழித்து அது சாய்ந்தமருது வரை போய், வேறொருவர் வாயால் என் கடைக்கே திரும்பி வந்தது. அப்போது அதில் லோண்டரியின் பெயர்கூட இருந்தது. நான் நம்பிவிட்டேன்.

ஹிஜாஸ் டீம் சட்டையோடு ஒரு படம் அனுப்பியிருந்தான், கண்ணாடி முன்னால் நின்று எடுத்தது. ஆனால் சட்டை ஒரு சாட்சியா? கல்முனை பசாரில் இறங்கினால் பத்து நிமிசத்தில் நீ உலகத்தில் எந்த நாட்டு வீரனாகவும் வெளியே வரலாம். என் மருமகன் ஒருத்தன் ஆர்ஜென்டினாவாகத் திரிகிறான்.

பிறகு போன். போட்டி தொடங்கின நாளிலிருந்து காலையில் போன் அடித்தால் கிடைக்காது. பின்னேரம்தான் எடுப்பான். கேட்டால், மெச் நடக்கிற நேரம் விளையாட்டுக்காரர்களின் போனை எல்லாம் ஒரு அதிகாரி வாங்கி வைத்துவிடுவாராம், சூதாட்டக்காரர்களோடு கதைத்துவிடுவார்கள் என்ற பயத்தில். இதை நான் போடியாரிடம் சொன்னபோது அவர் என்னையே பார்த்தார். “கலியாணம் பேசின பொடியன்ட போனைப் பறிக்கிறதுக்கு ஒரு அரசாங்க உத்தியோகமா?” என்றார். அப்படிப் பார்த்தால் அது பொய் மாதிரித்தான் இருந்தது.

அப்போதுதான் மல்லிகை மொட்டு பிறந்தாள்.

அந்த டீமின் பேஸ்புக் பக்கத்தில் தேடி ஒரு வேகப்பந்து வீச்சாளனைப் பிடித்தேன். மீசையை முறுக்கிவிட்ட ஆள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், உங்கள் ஆட்டம் எனக்கு மிகவும் விருப்பம், உங்கள் டீமில் இலங்கையைச் சேர்ந்த ஹிஜாஸ் என்று ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டு எழுதினேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. எங்கள் டீமில் ஹிஜாஸ் என்று ஒருவரும் இல்லை, ஆனால் நான் இருக்கிறேன். கீழே இரண்டு ரோசாப்பூ.

அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். என் வீட்டுக்காரி, சீனி கூடிப்போச்சா என்று விரலைக் குத்திப் பார்த்தாள். சீனி இல்லை. பயம். டீமில் விளையாடுகிறவனே சொல்லிவிட்டான், ஹிஜாஸ் இல்லை என்று. அப்படியென்றால் பிள்ளை எங்கே இருக்கிறான்? என்ன செய்கிறான்? யாருக்காகப் பொய் சொல்கிறான்? மதினியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லலாம் என்று கபுறடி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனது நான்தான்.

அடுத்த நாள் போடியாரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். “இண்டைக்கு மெச் இரிக்காம். உங்கட டீவியில போடுங்க, பாப்பம்” என்றார். என் மகள் ரிமோட்டை வாங்கித் தேடித் தருகிறேன் என்றாள். நான் விடவில்லை. என் வீட்டில் எனக்கென்று மிஞ்சியிருக்கிற ஒரே அதிகாரம் அது. நானே நாட்டின் பெயரையும் ‘தகுதிகாண்’ என்பதற்கு இங்கிலீசையும் இன்டர்நெட்டில் அடித்துத் தேடினேன். முதலாவதாக வந்ததை அமத்தினேன். எங்கள் அதிர்ஷ்டம், நாங்கள் குந்தின நேரம் பார்த்துத்தான் டாஸ் போட்டார்கள்.

எங்கள் டீம் பீல்டிங். நானும் அதற்குள் ‘எங்கள் டீம்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டேன், பார். போடியார் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, நெல்லுச் சாம்பிள் பார்க்கிறமாதிரி ஒவ்வொருத்தனாகப் பார்த்தார். பிளேன்டீ ஆறிக்கொண்டு இருந்தது.

“எது மாப்பிள்ளை?”

மச்சான், நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? உண்மையைச் சொல்லியிருப்பாய். நான் தூரத்தில், எல்லைக் கோட்டருகே, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு நின்ற ஒருவனைக் காட்டினேன். முகம் தெரியாத ஆளாகப் பார்த்துத்தான் காட்டினேன். அடுத்த பந்து நேரே அவனிடம்தான் போக வேணுமா? கெமரா அவன் பின்னாலேயே ஓடி, கிட்டப் பிடித்துக் காட்டியது. ஆறரை அடி உயரம். நெஞ்சு வரைக்கும் தாடி. கை ஒவ்வொன்றும் உலக்கை.

போடியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார், “வெளிநாட்டுச் சாப்பாடு மாப்பிள்ளைக்கு நல்லாப் புடிச்சிரிக்கு.”

“அவர் இல்ல போடியார், அவருக்குப் பின்னால நிக்கிறவர்.”

“அவருக்குப் பின்னால வேலிதானே நிக்குது.”

உள்ளே என் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். இருபது ஓவரும் முடிந்தது. உன் மகனைக் காணவில்லை. ஒரு கீப்பர் இருந்தான்தான், ஆனால் ஹெல்மட் போட்டுக் குனிந்தபடியே இருந்தான், பார்க்கக் கிடைத்தது முதுகு மட்டும். போடியார் எழும்பவில்லை. எழும்பிப் போயிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

எங்கள் டீம் துடுப்பெடுக்க வந்து மளமளவென்று விழுந்தது. ஆறாவது விக்கெட் போனதும் குள்ளமாக ஒருவன் இறங்கி வந்தான். திரையின் கீழே பேர் போட்டார்கள். போடியாருக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், பசளை மூட்டையில் வாசித்துப் பழக்கம். வாய்க்குள் முணுமுணுத்து, பிறகு சத்தமாகச் சொன்னார்:

“ஆதம்லெப்பை.”

“எங்கட பக்கத்து ஆள் ஆரோதான் போல” என்றேன் நான்.

போடியார் டீவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, ஆதம்லெப்பை எண்டா ஆரு?”

“தெரியாது போடியார்.”

“மாப்பிள்ளையிட வாப்பாட பேர் என்ன?”

“பெயில்ஸ்.”

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். டீவியில் ஆரோ இங்கிலீசில் கதைத்துக்கொண்டிருந்தான்.

“பெயில்ஸ் எண்டா நிக்காஹ் எழுதுவாங்க?” என்றார் போடியார். சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். கலியாண அட்டையின் மாதிரி. அச்சுக்குக் கொடுக்க முதல் பிழை பார்க்க வைத்திருந்தது. அதை என் மடியில் விரித்து, விரலை வைத்துக் காட்டினார். மர்ஹூம் ஆதம்லெப்பை அவர்களின் ஏக புதல்வன் என்று இருந்தது.

என்ன சொல்வேன் மச்சான்? எனக்கு உன் பேர் தெரியாது. நாற்பது வருடம் உன் பேர் தெரியாமல் உன்னோடு திரிந்திருக்கிறேன். ஸ்டம்புக்கு மேலே வைக்கிற அந்த இரண்டு சின்னக் கட்டையையும் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிவாய், நீ வராமல் ஒரு மெச்சும் தொடங்க முடியாது. நான் மருதமுனையிலிருந்து விளையாட வந்த முதல் நாளே உன்னை எனக்கு பெயில்ஸ் என்றுதான் காட்டினார்கள். உன் பொஞ்சாதி பெயில்ஸ் பொஞ்சாதி. உன் மகன் பெயில்ஸ்ட மகன். ஸ்கோர் எழுதுகிறவனும் அப்படித்தான் எழுதினான். நானும் கேட்கவில்லை. உனக்கு இன்னொரு பேர் இருக்கும் என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. எல்லாத்தையும் சந்தேகிக்கிறவன் நான், இதை மட்டும் விட்டுவிட்டேன்.

இன்னும் கேவலம் இருக்கிறது. நீ போன அன்று காலை பள்ளிவாசல் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். காற்று பாதியைக் கொண்டுபோனது. ஆதம்லெப்பை என்று காதில் விழுந்தது. இன்னாலில்லாஹி சொன்னேன், ஆரோ பாவம் என்று நினைத்தேன், ரொட்டியைச் சம்பலில் தொட்டேன். உன் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது நான் இரண்டாவது ரொட்டியில் இருந்தேன். அதனால்தான் உன்னைக் குளிப்பாட்டும்போது நான் இல்லை. இத்தனை நாளும் பஸ் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போடியார் என் முகத்தைப் பார்த்திருக்க வேணும். கொஞ்சம் இறங்கினார். “பாஸ்போட்டுல எங்கட ஆக்கள்ற வாப்பாட பேர்தானே முன்னுக்கு நிக்கிற. அங்க உள்ளவன் முன்னுக்கு நிக்கிறதத்தான் பேர் எண்டு எடுப்பான். என்ட தம்பி ஜித்தாவுல பதினெட்டு வருசம் எங்கட வாப்பாவாத்தான் இருந்தான். வாப்பா மௌத்தான கிழமையும் அவனை வாப்பாட பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பினாங்களாம்” என்றார்.

அப்போதுதான் அந்த முறுக்கு மீசைக்காரன் ஏன் அப்படிப் பதில் எழுதினான் என்று விளங்கியது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது ஆதம்லெப்பையைத்தான்.

நாங்கள் இரண்டு பேரும் டீவியின் பக்கம் திரும்பினோம். பெடியன் ஹெல்மட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். ஹிஜாஸ்தான். உன்னைப் போலவே கீப்பராக நின்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததும் அவன்தான். திரும்பினான். முதுகில், தோளிலிருந்து தோள் வரை, பெரிய எழுத்தில் உன் பேர்.

ஒரு முழங்காலைக் குத்தி, கொக்கு மீனைக் குத்துகிறமாதிரி ஒரு அடி அடித்தான், மச்சான். உன் அடி. உலகத்தில் ஒரு பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்காத, பார்க்க அசிங்கமான அந்த அடி. நாலு ஓட்டம். வர்ணனைக்காரன் உன் பேரை மூன்று விதமாகப் பிழையாகச் சொன்னான்.

“நல்ல அடியா?” என்று கேட்டார் போடியார்.

“நல்ல அடி” என்றேன்.

பதினாலு ஓட்டம் எடுத்தான். பிறகு பந்து காலில் பட்டது, நடுவர் விரலை உயர்த்திவிட்டார். போடியார் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். காலில பட்டதுக்கெல்லாம் ஆரும் அவுட் குடுப்பாங்களா என்று கேட்டார். அந்த விதியை நான் விளங்கப்படுத்தினேன். கேட்டார், நம்பவில்லை. “அந்த அம்பயர் எந்த ஊர்?” என்றார். ஏதோ ஒரு நாடு சொன்னேன். “அதானே” என்று தலையை ஆட்டினார். அந்த நிமிசத்தில் அவர் மாமனாராகிவிட்டார் மச்சான். அதுவரைக்கும் மாப்பிள்ளை மேல் இருந்த சந்தேகம் எல்லாம் நடுவருக்கு மாறிவிட்டது.

போகும்போது மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே சொன்னார்: அவசரம் இல்லை, போட்டி முடியட்டும், மாப்பிள்ளை ஆறுதலாக வரட்டும், அக்கரைப்பற்றுக்காரருக்கு நான் பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு என் தோளில் கையை வைத்தார். “மாப்பிள்ளையில எனக்கு இனிச் சந்தேகம் இல்ல தம்பி. உங்களிலதான் இரிக்கு.”

ஓம், நியாயம்தானே.

அன்று பின்னேரம் நுஸ்ரா என் மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். நான் சொன்னேனே என்று மட்டும் இருந்தது. மதினியிடம் நானே போய்ச் சொன்னேன். பேரைப் பற்றிச் சொல்லவில்லை, மெச்சைப் பற்றி மட்டும். அவர் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். எத்தினை ஓட்டம் என்று கேட்டார். பதினாலு என்றேன். “அவர் ஒரு நாளும் பதினாலு எடுக்கல்லயே” என்றார். உனக்குக் கோபம் வரும், ஆனால் மனிசி சொன்னது உண்மை.

மாவட்ட டீமுக்கான பட்டியலில் உன் பேர் இருந்தது, ஆரோ வெட்டிவிட்டான் என்று கடைசி வரைக்கும் நீ சந்தேகப்பட்டாய். நான் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால், உன் சொந்தப் பேரைப் போட்டிருந்தால் அது நீதான் என்று ஆருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு ஸ்கோர்ப் பலகையிலும் வராத பேர், மச்சான், எங்கேயோ ஒரு கண்டத்துத் தகுதிகாண் போட்டியில் திரை முழுக்க வந்தது. உலகம் முழுக்கப் பார்த்தது. சரி, உலகம் முழுக்க இல்லை, மொத்தம் நாற்பத்தொரு பேர் பார்த்ததாகப் போட்டிருந்தது, அதில் இரண்டு பேர் நாங்கள். ஆனாலும் இதைப் பார்க்க நீ இன்னும் ஒரு பதினாலு மாதம் இருந்திருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம் உனக்கு?

எனக்கு இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அந்தத் தாடிக்காரனின் முதுகில் ஒரு செல்லப் பேர்தான் இருந்தது, நான் கவனித்தேன். கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள் போல. உன் மகன் கேட்கவில்லையா, அல்லது வேண்டுமென்றுதான் விட்டானா? கேட்டால் ஒபிஸ்காரன் பிழை என்பான். அதனால் கேட்கமாட்டேன். சில சந்தேகங்களை அப்படியே வைத்திருந்தால் நெஞ்சுக்கு நல்லது என்று இந்த வயதில்தான் விளங்குகிறது.

ஆகவே மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி உன் மகனை வேவு பார்க்கமாட்டேன். மல்லிகை மொட்டை நாளைக்கு அழித்துவிடுவேன். முன் சப்பில் நிற்கிறவருக்கு மட்டும் ஒரு நல்ல புத்தி எழுதிவிட்டு அழிக்கிறேன். கலியாணத்தன்று உன் இடத்தில் நின்று, அட்டையில் உள்ள பேரை முழுதாக, தடுமாறாமல் சொல்வேன். ஹிஜாஸ் எங்கே இருக்கிறேன் என்று சொல்கிறானோ, அங்கேதான் இருக்கிறான். அதற்கு மேல் நான் எதையும் தேடமாட்டேன்.

ஒரு சின்ன விசயம். போடியார் போன பிறகு மகள் டீவியை அணைக்க வந்தாள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வேறு ஆருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நாங்கள் பார்த்தது இந்த முறை நடக்கிற போட்டி இல்லை. அது இரண்டு வருடத்துக்கு முந்திய மெச். அப்போது நீ உயிரோடுதான் இருந்தாய்; இந்த முறை அவன் விளையாடுகிறானா என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனாலும் தேடமாட்டேன்.

உன் பக்கத்தில் முதலாம் ஸ்லிப்பில் நின்று, பிடித்ததை விட விட்டது கூடின,
உன் மச்சான்